பால் மணத்த மாம்பழம்

நாவல்மட்டத்துத் தேயிலைத் தொழிலாளர்களின் எட்டாம் நம்பர் லைனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மேட்டில் ஐப்பசிக் கடைசியில் முளைத்த மாமரம், கார்த்திகை பிறப்பதற்குள் தகரக் கூரைகளைத் தாண்டி வளர்ந்து, தீபத்தன்று பூத்து, மார்கழி முதல் வாரத்திலேயே பழுத்தும் விட்டது. நீலகிரியில் அவ்வளவு உயரத்தில், குழாய்க்குள் தண்ணீர் உறைந்து நிற்கிற குளிரில், தேயிலைக் கொழுந்தே பனியில் கருகிப் போகிற இடத்தில், ஒரு மாமரம் எப்படி வந்தது என்று அந்த லைனின் பன்னிரண்டு வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு போடுவது என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

மரத்தைச் சுற்றி இருபது அடிக்குப் பனி விழுவதில்லை. தேயிலை மேடெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடக்கும் காலையிலும் அந்த வட்டத்துக்குள் மட்டும் மண் ஈரமும் வெதுவெதுப்புமாக இருக்கும். லைன் நாய்கள் முதலில் அங்கே குடிபோயின, நாய்களைப் பார்த்துச் சீட்டாடுகிறவர்கள் போனார்கள், அவர்களைத் தேடிப் போன பெண்கள் போனதற்கு இருக்கட்டும் என்று ஈரத்துணியைக் கிளையில் போட, துணி அரைமணியில் காய்ந்துவிட்டது. மறுநாளே வடாமும் வந்தது. யாரோ ஒரு கல்லை நட்டார்கள், யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை கல்லுக்கு வெள்ளியில் கண் வைத்தாகிவிட்டது. வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து மரத்தில் தகர எண் அடித்து, ஆளுக்கு மூன்று பழம் தின்றுவிட்டுப் போனார்கள். ஆராய்ச்சிக்கென்று வந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அடிமரத்தை நூலால் அளந்து எழுதிக்கொண்டு, தன் வீட்டம்மாவுக்கும் ஒரு பை வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

பழத்தில் ஒரு விசேஷம் இருந்தது. ஒவ்வொரு கிளைப் பழமும் ஒவ்வொரு வீட்டு வாசனை அடித்தது. மூன்றாம் வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளையில் கருவாட்டுக் குழம்பு, ஒன்பதாம் வீட்டுக் கிளையில் காப்பித்தூள், பன்னிரண்டாம் வீட்டுக் கிளையில் தைலமும் பீடியும். ஆக, கிளைகளை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வதில் சண்டையே வரவில்லை. கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் நேற்று என்ன சமையல் என்பதும் தெரிந்துவிடும், அதில்தான் சில சண்டைகள் வந்தன. நம் வீட்டு வாசனை மேட்டுக்கு எதற்குப் போகிறது, யார் கொண்டுபோகிறார்கள் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. நல்லது நடக்கும்போது ரசீது கேட்கிற பழக்கம் நம்மில் யாருக்குமே கிடையாது.

மரத்துக்குத் தலைவர் ஒருவர் வேண்டுமல்லவா, பன்னிரண்டாம் வீட்டுச் சங்கிலிமுத்து தானாக ஆகிக்கொண்டார். முப்பது வருஷம் பேக்டரி வாசலில் வாட்ச்மேனாக நின்று யாரும் மதிக்காமல் ஓய்வு பெற்றவருக்கு, இப்போது மேட்டுக்கு வருகிறவர்களெல்லாம் கும்பிடு போட்டார்கள். தை முதல் வெள்ளிக்குத் திருவிழா என்று அறிவித்தார். கோயமுத்தூரிலிருந்து வேன் வேனாக ஆள் வருமாம், வருகிறவர்களுக்கு இலை போட்டு மாம்பழம் பரிமாற வேண்டுமாம்.

இந்தக் கொண்டாட்டத்தில் சேராமல் இருந்த ஒரே வீடு ஐந்தாம் வீடு. அது யோகமலருடைய வீடு.

யோகமலர் தேயிலை பேக்டரியில் உலர்த்தும் மெஷினில் வேலை பார்க்கிறவள். ஏழாம் மாதம் முடியும்போதே பிரசவமாகி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெண்குழந்தையைப் பெற்று, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது நாள் வைத்துக் காத்து, வெளியிலிருந்து பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போய், மார்கழி இரண்டாம் வாரத்தில்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைத்தால் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். வாராவாரம் வெள்ளிக்கிழமை தொங்குதராசோடு வந்து எடை போடுகிற ஹெலன் சிஸ்டர் முதல் நாளே ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

“இங்க பாரு மலரு, இந்தப் புள்ளைக்கு நோய் ஒன்னும் இல்ல. குளிருதான் நோய். குடிக்கிற பாலெல்லாம் உடம்பச் சூடா வெச்சுக்கவே செலவழிஞ்சுட்டா, வளர்றதுக்கு எங்க மிஞ்சும்? தை முதல் வெள்ளிக்கு ரெண்டு கிலோ வரணும். வரலேன்னா மறுபடி பெட்டிதான்.”

“கரியடுப்ப மூட்டி உள்ள வெச்சுக்கட்டுமா சிஸ்டர்?”

“ஐயோ, அந்தத் தப்ப மட்டும் செஞ்சுராத! மூடின ரூமுல கரிய வெச்சா ஆளே மிஞ்சாது. புகையும் கூடாது, சாம்பிராணியும் கூடாது. நெஞ்சோட அணைச்சு வெச்சுக்க. ஹீட்டர் போடு.”

ஹீட்டர் போட்டாள். அவள் புருஷன் ஜெகதீசன் கொழுந்து லாரி ஓட்டுகிறவன். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்தான். ஆனால் லைனில் நாலு வீட்டில் சேர்ந்தாற்போல ஹீட்டர் போட்டால் கம்பத்தில் ஃபியூஸ் படாரென்று போய்விடும். போகாத நேரத்திலும், ஹீட்டருக்கு எதிரே முழங்கால் சுட்டதே தவிர முதுகு பனிக்கட்டியாக இருந்தது. சூடு வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. முதல் வாரம் பிள்ளை இருபது கிராம் ஏறியது. இருபது கிராம் என்றால் ஒரு பிடி தேயிலைக்கு மேல் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் பக்கத்து நாலாம் வீட்டு நேசமணி ஒரு பழத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். லைனிலேயே பெரிய வாய் நேசமணிக்குத்தான். மனசும் அதே அளவு.

“அடியே மலரு, உன் பக்கம் புதுசா ஒரு கிளை வெடிச்சிருக்குடி, நீ புள்ளையோட வந்த அன்னிக்கே. மொதப் பழம். நீதான் திங்கணும்.”

யோகமலர் கடித்தாள். பழம் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் வசம்பு மணத்தது, பிறகு பிள்ளைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய், பிறகு நாக்கின் அடியில், சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், தாய்ப்பால். அவளுடைய பால். அவள் வாயிலிருந்த துண்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். ராத்திரி பகலாக நெஞ்சோடு அணைத்து அணைத்து அவள் கொடுத்த சூடு பிள்ளையிடம் தங்காமல் மேட்டுக்குப் போய்ப் பழமாகித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது.

ஆத்திரம் வந்ததும் அவளுக்கு பேக்டரி ஞாபகம் வந்தது. உலர்த்தும் மெஷினில் மூட்டு எங்காவது விட்டு, சூடான காற்று கசிந்தால் தேயிலை வேகாமல் நமுத்துப் போகும். பேக்டரியை மேய்க்கிற டீமேக்கர் பேயாட்டம் ஆடுவார். கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதனால் தேயிலையில் பறக்கிற பஞ்சைக் கொஞ்சம் எடுத்து, நூலில் கட்டி, ஈர்க்குச்சி நுனியில் தொங்கவிட்டு மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டே போவார்கள். பஞ்சு ஆடுகிற இடம் கசிகிற இடம். உடனே சாக்குத்துண்டும் மைதாப் பசையும் வைத்து அடைப்பார்கள். ஒன்பது வருஷம் அந்த வேலையைச் செய்தவள் யோகமலர். பேக்டரித் தேயிலை சூடு போகாமல் பார்த்துக்கொண்டவளுக்குச் சொந்த வீட்டைப் பற்றி அந்த ஒன்பது வருஷமும் தோன்றவேயில்லை.

பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஈர்க்குச்சியில் பஞ்சைத் தொங்கவிட்டு, ஐந்தாம் வீட்டைச் சுற்றி வந்தாள். கதவடியில் பஞ்சு துள்ளியது. ஜன்னல் சட்டத்தில் துடித்தது. ஸ்விட்சுப் பெட்டியின் ஓட்டையில்கூட மூச்சு விட்டது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே, ஒரு கை நுழைகிற அகலத்தில் நீளமாக ஓடுகிற இடைவெளிக்குக் காட்டியபோது பஞ்சு நேராக எழுந்து, நூலை அறுத்துக்கொண்டு வெளியே பறந்து, வாசலில் நின்ற ஜெகதீசன் தலைக்கு மேலே போய், மேட்டில் ஐந்தாம் வீட்டுக் கிளையில் ஒரு மொட்டாக உட்கார்ந்துவிட்டது.

“பாத்தீங்களா?” என்றாள் யோகமலர்.

“பாத்தேன்,” என்றான் ஜெகதீசன். “சாக்கு எத்தனை வேணும்?”

அந்த இடைவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விறகடுப்பு காலத்தில் புகை போவதற்காக விட்ட சந்து அது. காஸ் அடுப்பு வந்து பதினைந்து வருஷமாகியும் ஒருவரும் அதை அடைக்காததற்குக் காரணம் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. புகை எவ்வளவு வேகமாக வெளியே ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகப் பீடை ஓடுகிறது என்பது எட்டாம் நம்பர் லைனின் நம்பிக்கை. நேசமணி வீட்டில் பத்து எண்ணுவதற்குள் புகை காணாமல் போகும். அதில் அவளுக்குத் தனிப்பெருமை. சங்கிலிமுத்து வீட்டில் ஏழு எண்ணினால் போதும். குளிர்காற்றுக்குத் திறந்து போட்ட ஓட்டையைப் பார்த்து லட்சுமி கடாட்சம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

யோகமலர் இரண்டு நாளில் அடைத்தாள். சந்தில் சாக்கைத் திணித்து மேலே செம்மண்ணும் பசையும் பூசினாள், ஜன்னல் சட்டத்தில் பழைய துணியை நாடாவாகக் கிழித்து ஒட்டினாள், கதவடியில் லாரி டயர் ட்யூபை வெட்டி ஆணியடித்தாள். அடுப்படிச் சந்தில் மட்டும் ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி வைத்தாள். காஸ் எரியும்போது இழுத்துத் திறக்க, அணைத்ததும் மூட. மூன்றாம் நாள் காலையில் மேட்டில் ஐந்தாம் வீட்டுக் கிளை இலையுதிர்த்து மொட்டையாக நின்றது.

சங்கிலிமுத்து லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசலில் வந்து நின்றார்.

“யம்மா யோகமலரு! அம்மன் கிளைய முறிச்சுப்புட்டியே! திருவிழாவுக்கு இன்னும் பதினோரு நாளுதான் இருக்கு. பொகை போறதுக்கு வழியில்லாத வூட்டுல பீடை வந்து குந்திக்கும், சொல்லிப்புட்டேன்!”

“குந்தட்டுங்கண்ணே,” என்றாள் யோகமலர். “குந்துற பீடைக்காவது குளிராம இருக்கட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரம் லைனில் யாரும் அவள் வீட்டுப் படியேறவில்லை. அடுத்த எடையில் பிள்ளை அறுபது கிராம் ஏறியிருந்தது. முன்னைக்கு மேல்தான், ஆனாலும் போதாது. பிள்ளையின் காது நுனி இன்னும் சில்லென்றுதான் இருந்தது. பஞ்சை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கதவில் ஆடவில்லை, ஜன்னலில் ஆடவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவரின் உச்சியில் ஆடியது. லைன் வீடு கட்டியவர்கள் நடுச்சுவரைக் கூரைவரை எழுப்பவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் கூரைக்குக் கீழே ஒரே வெளி. ஒரு வீட்டில் தும்மினால் பன்னிரண்டாம் வீட்டில் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள். அவள் வீட்டுச் சூடு நேரே வெளியே போக முடியாமல் நேசமணி வீட்டுக்குள் குதித்து, அவள் சந்து வழியே போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நீளச் சுவரை மேலே எழுப்ப ஒருத்தி கையிலிருந்த சாக்கு போதாது. போய்க் கேட்கலாம் என்றால் பேசுகிறவர் யாரும் இல்லை. அன்றைக்குத்தான் யோகமலர் முதல்முறையாகத் தைரியம் விட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை நாலாம் வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. நேசமணி ஊறுகாய்க்குத் தன் கிளைக் காயை அரிந்து, உப்புப் பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டிருந்தாள். அலறியவள் வாயைப் பொத்திக்கொண்டு ஐந்தாம் வீட்டுக்குள் ஓடிவந்து யோகமலர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பச்சப்புள்ள பாலத் தின்னுட்டேன்டி மலரு! என் கிளையில என் வூட்டு வாசனை இல்ல, உன் வாசனைதான்டி இருக்கு! அஞ்சு பெத்தவ நான், இந்தக் கையாலயே உப்பு வேற போட்டேனே!”

நேசமணி அழுதால் லைனே கேட்கும். சும்மாவே கேட்கும், அன்று சுவருக்கு மேலே ஒரே வெளி வேறு. பத்து வீடும் காரியத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது. பிறகு ஒவ்வொருத்தியாக அவரவர் ஊறுகாய் ஜாடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். எல்லா ஜாடியிலும், கொஞ்சமோ நஞ்சமோ, அந்தப் பால் இருந்தது. மத்தியானத்துக்குள் பெண்கள் பத்துப் பேரும் ஆளுக்கொரு ஈர்க்குச்சியோடு ஐந்தாம் வீட்டு வாசலில் நின்றார்கள்.

அடுத்த இரண்டு நாளும் எட்டாம் நம்பர் லைன் பட்டபாடு சொல்லி முடியாது. பேக்டரியிலிருந்து கிழிந்த சாக்கெல்லாம் ஜெகதீசன் லாரியில் வந்து இறங்கியது. மைதாப் பசை அண்டா அண்டாவாகக் கொதித்தது. பழைய ஸ்வெட்டர், கட்சித் துண்டு, கல்யாண பேனர், கிழிந்த குடை, எதையும் விடாமல் சந்தில் திணித்தார்கள். சீட்டாடுகிற கூட்டம் ஏணியில் ஏறி நடுச்சுவர்களின் மேல் பலகை அடித்தது. யோகமலர் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, பஞ்சு ஆடுகிற குச்சியை நீட்டி, இங்கே, இங்கே, அங்கே இன்னும் ஒரு விரல்கடை என்று வீடு வீடாகக் காட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வீட்டிலும் கடைசி ஓட்டை அடைபட்டதும் குச்சி நுனியில் பஞ்சு அப்படியே அசையாமல் நிற்க, உள்ளே இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள், மேட்டில் ஒரு கிளை பொலபொலவென்று உதிர்ந்தது. சாம்பிராணியை இனி வாசலில் காட்டிக்கொள்ளலாம், பீடை உள்ளே வந்தால்தானே வெளியே அனுப்ப வேண்டும் என்று நேசமணி தீர்ப்புச் சொன்னாள். அதை மறுத்துப் பேச யாருக்கும் தொண்டை போதவில்லை.

சங்கிலிமுத்து மட்டும் அசையவில்லை.

“என் வூட்டத் தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற. வேன்ல ஆளு வருது. நான் என்னாத்தப் பரிமாறுவேன்?”

பலகை பத்தாமல் பன்னிரண்டாம் வீட்டை ஒட்டிய கடைசிச் சுவர் திறந்தே கிடந்தது. அதனால் பதினோரு வீட்டிலும் மிச்சம் மீதி கசிந்த சூடெல்லாம் பலகை இடுக்குகளில் நூலிழையாக நகர்ந்து நகர்ந்து அந்த ஒரே வாசல் வழியாகப் போயிற்று. மரம் முழுக்க மொட்டையாகி, பன்னிரண்டாம் வீட்டுக் கிளை மட்டும் பச்சையாக நின்று, அதில் ஒரே ஒரு காய் காய்த்து, பூசணி அளவுக்குப் பெருத்தது. சங்கிலிமுத்து கிளைக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து, பழத்துக்குக் கீழே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். ஒரு பழம் போதும், துண்டு துண்டாகப் போட்டு ஊருக்கே பரிமாறலாம் என்றார்.

தை முதல் வெள்ளி காலை பத்து மணிக்கு, வேன்கள் மலையேறிக்கொண்டிருந்தபோது, சங்கிலிமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அந்தப் பழத்தை வாழையிலையில் வைத்துக் கத்தியை இறக்கினார். பழம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே கொட்டை இல்லை, சதையும் இல்லை. பால் மணக்கிற ஆவிதான் இருந்தது. ஆவிக்கு நடுவிலிருந்து சின்னதாக ஒரு விக்கல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு விக்கல்.

சங்கிலிமுத்துவுக்கு அந்த விக்கல் தெரியும். இருபது நாளாகக் கூரைக்குக் கீழே தினமும் கேட்கிற, ஐந்தாம் வீட்டுப் பிள்ளையின் விக்கல். முப்பது வருஷம் வாசலில் நின்று, பேக்டரியை விட்டு ஒரு பிடி தேயிலை வெளியே போகாமல் பார்த்துக்கொண்ட மனுஷன் அவர். பழத்தின் இரண்டு பாதியையும் பட்டென்று சேர்த்து மூடினார், தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சுற்றினார், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டிலிருந்து தடுக்கித் தடுக்கி இறங்கி ஐந்தாம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“இது உன்னோடது தாயி,” என்றார். “நான் காவலிருந்தது மரத்துக்குன்னு நெனச்சேன். வாங்கிக்க, ஆறிப்போறதுக்குள்ள வாங்கிக்க.”

அவள் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையின் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். வீடு முழுக்க ஆவி பரவி நின்றது. சங்கிலிமுத்து சால்வையைக்கூடத் திருப்பி வாங்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார். திருவிழாவுக்குத் தைத்த பந்தல் துணியைக் கிழித்துக் கிழித்துச் சந்தில் திணித்தார். மேளக்காரர்கள் மேளத்தை வைத்துவிட்டு அவருக்குப் பந்தல் பலகையை எடுத்துக் கொடுத்தார்கள். கடைசி ஓட்டை அடைபட்டபோது மேட்டில் கடைசிக் கிளை உதிர்ந்தது. இருபது அடி வட்டத்துக்குள் அந்த வருஷத்தின் முதல் பனி, வெயில் ஏறிய நேரத்தில், மெதுவாக வந்து உட்கார்ந்தது. வேனில் வந்து இறங்கியவர்களுக்குக் கும்பிட மரம் இல்லை, பரிமாறப் பழம் இல்லை. வீட்டுக்கு நாலு பேராக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். பன்னிரண்டு வீட்டிலும் ஒரு ஹீட்டர்கூட ஓடவில்லை, கம்பத்தில் ஃபியூஸ் போகவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஹெலன் சிஸ்டர் தராசோடு வந்தார். துணித்தொட்டிலில் பிள்ளையைத் தூக்கி மாட்டினார். முள் ஆடி ஆடி நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. இரண்டு கிலோவுக்கு இருபது கிராம் குறைவு.

யோகமலர் முகத்தில் ரத்தம் இல்லை. ஜெகதீசன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சிஸ்டர் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்தார், நெற்றியில் கை வைத்தார், கையை எடுத்து விரலைப் பார்த்தார், மறுபடி வைத்தார். பிள்ளையின் மூக்கு நுனியில் கடுகு அளவுக்கு ஒரு துளி வேர்வை நின்றுகொண்டிருந்தது.

“வேர்க்குற புள்ளையப் பெட்டிக்குள்ள வெக்க எனக்கென்ன பைத்தியமா?” என்றார் ஹெலன் சிஸ்டர். “மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு. போயி புள்ளைக்கு ஒரு பேரு வைங்க.”

யோகமலர் நேசமணி வீட்டுச் சுவரைப் பார்த்து, “வேர்க்குதுக்கா! எம்புள்ளைக்கு வேர்க்குது!” என்று வீடதிரக் கத்தினாள். கத்திவிட்டுக் காத்திருந்தாள். ஒரு பதிலும் இல்லை. எட்டாம் நம்பர் லைன் கட்டிய நாளிலிருந்து முதன்முறையாக, ஒரு வீட்டில் கத்தியது பக்கத்து வீட்டில் கேட்கவில்லை. அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், ஓடிப்போய் வாசல் கதவை விரியத் திறந்து, பனி மேட்டைப் பார்த்து, பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் கத்தினாள்.

“எம்புள்ளைக்கு வேர்க்குது!”

பதினோரு ஜன்னல் சடசடவென்று திறந்தது. பதினோரு தலை வெளியே நீண்டது. நேசமணியும் சங்கிலிமுத்துவும் இன்னும் இருந்த அத்தனை பேரும், வாயெல்லாம் பல்லாக, ஒரே குரலில் அவளைத் திட்டினார்கள்.

“அடியே, கதவச் சாத்துடி! சூடு போவுது!”